சம்மதமா என்று கேட்கும் பெட்டி

அந்த ஃபேன் டப்பாவை மடியிலேயே வெச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் சார் உட்காருவீங்க? இப்படிக் கீழே நிறுத்துங்க, நான் முழங்காலால முட்டுக் கொடுத்துக்கறேன். ஆவடிதானே? நான் திருமுல்லைவாயல். அதுவரைக்கும் உங்க ஃபேன் என் பொறுப்பு. அவசரம் இல்லையே? ஓ.டி. ஸ்டாப் தாண்டினதும் பள்ளம் தோண்டிப் போட்டிருக்கான். இன்னிக்கு இந்த வண்டி போய்ச் சேர்ந்த மாதிரிதான்.

நான் ஏன் போனை இப்படித் திருப்பித் திருப்பிப் பார்க்கறேன்னு நினைக்கறீங்க, இல்லையா? ஒண்ணும் இல்லை. நைட் ஷிப்ட் முடிஞ்சு வீட்டுக்குப் போறேன், என் மேனேஜரம்மாவுக்குக் காலையில பத்து மணிக்குள்ள ஒரு பதில் சொல்லணும். பகல் ஷிப்டுக்கு வர்றியா, இல்லை நைட்லயே இருக்கியா? அவ்வளவுதான் கேள்வி. நான் பதில் சொல்லப் போறதில்லை. பத்து மணி ஆனா அதுவே முடிஞ்சிடும், வெளியில இருந்து ஆள் எடுத்துப்பாங்க. சிரிக்காதீங்க சார். காரணம் இருக்கு.

இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல, கண்ணாடிக் கட்டடம் ஒண்ணு, வாசல்ல போர்டு கூட இருக்காது, அங்கேதான் எனக்கு வேலை. ஊருல உள்ள கம்பெனிக்காரன் எல்லாம் அவனவன் சர்வரைக் கொண்டு வந்து அங்கே அடுக்கி வெச்சிருப்பான். புதுசா மெஷின் வந்தா அதுக்குச் சிஸ்டம் ஏத்திக் கொடுக்கறது என் வேலை. படிச்சு வந்தேன்னு நினைக்காதீங்க, பாலிடெக்னிக் பாதியில விட்டவன். யூ.பி.எஸ். பேட்டரிக்கு டிஸ்டில் வாட்டர் ஊத்தற வேலைக்குத்தான் அந்தக் கட்டடத்துக்குள்ளே நுழைஞ்சேன். ராத்திரியில மத்தவங்க கொட்டாவி விட்டுக்கிட்டு இருந்தப்போ நான் வேடிக்கை பார்த்தேன். பார்த்துப் பார்த்தே கத்துக்கிட்டது. இன்னிக்கு டிரைவர் பிரிக்கறதுன்னா தணிகாசலத்தைக் கூப்பிடுன்னு சொல்வாங்க.

டிரைவர்னா முன்னாடி உட்கார்ந்து ஹாரன் அடிக்கறாரே அவர் இல்லை. எப்படிச் சொல்றது... சர்வர்ல டிஸ்க் இருக்கும், நல்ல டிஸ்க். ஏத்தப் போற சிஸ்டமும் இருக்கும், நல்ல சிஸ்டம். ஆனா ரெண்டுக்கும் ஒண்ணை ஒண்ணு தெரியாது. நடுவுல ஒரு ஃபைல் வந்து, "இவருதாம்பா டிஸ்க், இவர்கிட்ட இப்படிப் பேசணும்"னு சொல்லிக் கொடுக்கணும். அதுதான் டிரைவர். அது இல்லைன்னா, கண்ணு முன்னாடி மலை மாதிரி டிஸ்க்கு நிக்கும், சிஸ்டம் கை விரிக்கும். "டிஸ்க்கே காணோம்"னு எழுதிக் காட்டும். இருக்குடா, எதிர்ல இருக்குன்னு நாம கத்த வேண்டியதுதான்.

இதுல என்ன வேடிக்கைன்னா, மெஷின் செஞ்சவன் டிரைவரைத் தனியாக் கொடுக்க மாட்டான். பெரிய மூட்டையாக் கட்டித் தருவான். மூட்டையைத் தட்டினா, அதுவே எல்லாத்தையும் செய்யும். ஆனா அது செய்யணும்னா உள்ளே ஏற்கெனவே ஒரு சிஸ்டம் ஓடணும். நாங்களோ வெறும் மெஷினுக்கு, அந்தந்தக் கஸ்டமர் அளவுக்குத் தைச்ச சிஸ்டத்தை ஏத்தறவங்க. அதனால மூட்டையைப் பிரிச்சு உள்ளே இருக்கறதை மட்டும் உருவி எடுக்கணும். மூணு ஃபைல். ஒண்ணு பேர் சொல்றது, ஒண்ணு வேலை செய்யறது, ஒண்ணு கையெழுத்து. மூணும் ஒண்ணா இருந்தாத்தான் செல்லும்.

சில மூட்டை மரியாதையாப் பிரியும். சிலது பிரியவே பிரியாது. அதுக்கு என்கிட்ட ஒரு வழி இருக்கு. யாருக்கும் சொல்றதில்லை, நீங்க ஃபேன் வாங்கினவர், உங்ககிட்ட சொன்னா என்ன. மூட்டையைத் தட்டுவேன். ஸ்க்ரீன்ல ஒரு சின்னப் பெட்டி வந்து, "எங்க நிபந்தனைக்கெல்லாம் சம்மதமா?"ன்னு கேட்கும். மத்தவன் எல்லாம் சம்மதம்னு அழுத்துவான், இல்லை வேண்டாம்னு மூடுவான். நான் ரெண்டையும் செய்ய மாட்டேன். பெட்டியை அப்படியே நிக்க விட்டுடுவேன். அது கேட்டுக்கிட்டே நிக்கும். ஏன்னா, அது கேள்வி கேட்கறதுக்கு முன்னாடியே, உள்ளே இருக்கற அத்தனையையும் ஒரு மூலையில கொண்டு போய்க் கொட்டி வெச்சிருக்கும். நான் அந்த மூலைக்குப் போய் எனக்கு வேணுங்கறதை எடுத்துப்பேன். அப்புறம் வந்து, வேண்டாம்னு மூடினா, அதுவே பெருக்கித் துடைச்சுட்டுப் போயிடும். ஆம்னும் சொல்லலை, இல்லைன்னும் சொல்லலை. காரியம் முடிஞ்சது!

எங்க மேனேஜர் ஹெப்சிபா மேடம், தெற்கே நாசரேத்துக்காரங்க, அவங்களே ஒரு தடவை சொன்னாங்க: "தணிகாசலம், ஒம்ம மாதிரி நைசா நழுவற ஆளை நான் பார்த்ததில்ல வே." பாராட்டு சார். சும்மா யாரையும் சொல்ல மாட்டாங்க.

சரி, விஷயத்துக்கு வர்றேன். பகல்ல இருந்த ஆள் துபாய்க்குப் போயிட்டார். அந்த சீட்டு காலி. எனக்கு அந்த சீட்டு வேணும்னு சொல்லிக்கிட்டே இருந்தேன், வருஷக்கணக்கா. யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. கல்யாணம் ஆனதுல இருந்து நைட்தான் சார். வீட்டுக்காரி பேர் மங்கையர்க்கரசி. ஒரு ஸ்கேன் சென்டர்ல டோக்கன் போடற வேலை. நான் வீட்டுக்குள்ளே நுழையற நேரம் அவ கிளம்பற நேரம். அவளுக்கு அவசரமா இருக்குமே, நடுவுல போய் நிப்பானேன்னு, நானே எஸ்டேட் வாசல்ல ரெண்டு டீ குடிச்சுட்டு மெதுவாத்தான் போவேன். சாப்பாடு ஹாட்பேக்ல இருக்கும். சாயங்காலம் அவ வரும்போது நான் பேன்ட் போட்டுக்கிட்டு இருப்பேன். பொண்ணு வீட்டுல இருந்தவரைக்கும் நடுவுல அவ தகவல் சொல்லிக்கிட்டு இருப்பா. இப்போ அவளும் திருச்சியில ஹாஸ்டல்.

மேடம் கூப்பிட்டுச் சொன்னாங்க. "ஈரோட்டு மசாலாக் கம்பெனி ஒண்ணு. ரேக் முழுக்கப் புது சர்வர். சனிக்கிழமை பகல்ல, அவங்க ஆள் பக்கத்துல நிக்க, நீரு ஏத்திக் காட்டணும். நல்லா முடிச்சீர்னா அந்த சீட்டு ஒமக்கு."

பவதாரணின்னு ஒரு பொண்ணு, சின்ன வயசு, கெட்டிக்காரி, அவளும் அந்த சீட்டைக் கேட்டிருந்தா. அவளைத் துணைக்குப் போட்டாங்க.

ஈரோட்டுல இருந்து வந்தவர் பேர் நாச்சிமுத்து. வரும்போதே ரெண்டு கிலோ சாம்பார்த்தூள் கொண்டு வந்துட்டார், ஏ.சி. ஹால் பூரா மணக்குது. "ஏனுங்க, திங்கக்கிழமை காலையில நமக்கு லாரிக்கெல்லாம் பில்லுப் போடோணும்ங்க. ஆயிருங்களா?"

"ஆகாம?"

டிரைவரை உருவறதுல என்னை அடிச்சுக்க ஆள் இல்லை. அந்த மெஷின் புது ரகம், அதோட டிஸ்க் டிரைவர் மூட்டை பிரியாத ஜாதி. என் வழியில பெட்டியை நிக்க விட்டு உருவினேன். பவதாரணி வாயைப் பொளந்தா. ஒரே நேரத்துல எல்லா மெஷினுக்கும் விட்டேன். டிஸ்க் தெரியுது, ஏறுது, நூறு சதம்னு காட்டுது. நாச்சிமுத்து கையைத் தட்டறார். அப்புறம் மெஷின் எல்லாம் ஒரு தடவை அணைஞ்சு எழுந்திருக்கும் பாருங்க, அப்போ ஒவ்வொண்ணா நீலமாச்சு. மேலே இருந்து கீழே வரைக்கும் ரேக் பூரா நீலம். சிஸ்டம் எழுந்திருக்க முடியாம செத்துப் போனா வர்ற நீலம் சார் அது.

"ஏனுங்க தணிகாசலம், அத்தனையும் நீலமா நிக்குதுங்களே, இது நல்லதுங்களா?"

பவதாரணி மெதுவாக் கேட்டா. "அண்ணா, ரெண்டு இடத்துலயும் போட்டீங்களா?"

அதாவது சார், ஏத்தும்போது ரெண்டு சிஸ்டம் உண்டு. ஒண்ணு சின்னது, கொத்தனார் மாதிரி. வந்து, கட்டி முடிச்சுட்டுப் போயிடும். இன்னொண்ணு பெரிசு, அதுதான் குடியிருக்கப் போறது. டிரைவரை ரெண்டுலயும் வைக்கணும். நான் கொத்தனார் கையில சாவியைக் கொடுத்துட்டேன். குடிவர்றவனுக்குக் கொடுக்கலை. வீடெல்லாம் ஜோராக் கட்டியாச்சு, வீட்டுக்காரன் வாசல்ல நிக்கறான்.

மறந்துட்டேன்னு சொல்ல மாட்டேன். மறக்கற ஆளா நான்? சரியா அந்த நேரம் பார்த்து மங்கை போன் பண்ணினா. "என்னங்க, இன்னிக்குப் பகல்லதானே இருக்கீங்க? சாயங்காலம் சாப்பிட வருவீங்களா? சேர்ந்து சாப்பிடலாமான்னு கேட்டேன்." வேலை நேரத்துல கேட்கற கேள்வியா இது? "பார்க்கலாம்"னு சொன்னேன். "பார்க்கலாம்னா?"ன்னா. "பார்க்கலாம்னா பார்க்கலாம்தான்"னேன். திரும்பி வந்து பார்த்தா எந்த இடத்துல விட்டேன்னு புரியலை. கவனத்தைக் கலைச்சுட்டா, அவ்வளவுதான்.

ஆனா சரி பண்ணிட்டேன் சார்! பெரிய சிஸ்டத்தைத் திறந்து, அதுக்குள்ளே டிரைவரை வெச்சு, மூடி, மறுபடி ஏத்தி, இருட்டறதுக்குள்ளே எல்லாம் எழுந்து நின்னாச்சு. அந்தப் பொண்ணு ஏதோ வாய் தவறிக் கேட்டா, சரி பண்ணினது நான்தான். மேடமும் அதைப் பெரிசா எடுத்துக்கலை. "யாருக்குத்தான் தப்பு வரல? அடுத்த மாசத்துல இருந்து பகல்ல வாரும்"னாங்க. அப்புறம் வாசல்ல டீ குடிச்சுட்டு வீட்டுக்குப் போக ரொம்ப நேரமாயிடுச்சு. மங்கை சாப்பிடாம உட்கார்ந்திருந்தா. பசி இல்லையாம்.

வண்டி நகருதா? இல்லை, சும்மா குலுங்கிச்சு.

இதுக்கப்புறம்தான் சார் என் கஷ்டம். பகல் ஷிப்ட் கிடைச்சது. சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வர்றேன், ஆறு மணிக்கு! அந்த நேரத்துல எங்க வீடு எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது. மேற்குப் பக்கம் வெயில் சமையல்கட்டு வரைக்கும் வருது. பக்கத்து வீட்டுல யாரோ வயலின் கத்துக்கறாங்க, கொடுமை. மங்கைக்குன்னு ஒரு ஒழுங்கு இருந்தது சார். ஆறரைக்குக் குடியிருப்புப் பொம்பளைங்களோட நடக்கப் போவா. வந்ததும் சீரியல். நான் நடுவுல போய் விழுந்தேன். முதல் நாளே நடக்கப் போறதை நிறுத்திட்டா. அவங்களுக்குள்ளே ஏதோ மனஸ்தாபம் போல. நான் கேட்டுக்கலை. சீரியலையும் நிறுத்திட்டா. கரண்ட் பில் பயம், வேறென்ன.

தோசையை ஒவ்வொண்ணா சூடாக் கொண்டு வந்து போடறா. எனக்கு அந்த நேரத்துல தோசை இறங்காது சார், வயிறு இத்தனை வருஷமா வேற கணக்குல ஓடுது. "போதும்"னா, "நல்லா இல்லையா?"ன்னு கேட்கறா. நல்லா இருக்கு, இறங்கலை. இதை எப்படிச் சொல்றது? எழுந்து கை கழுவப் போயிடுவேன். ஒரு நாள் கேரம் போர்டு வாங்கிட்டு வந்தா. பொண்ணு லீவுக்கு வந்தா ஆடுவாளேன்னு வாங்கியிருப்பா. அதுக்கு எத்தனையோ மாசம் இருக்கு, இவ அன்னிக்கே மாவைத் தூவி, காயை அடுக்கி, எதிர்ல சம்மணம் போட்டு உட்கார்ந்துட்டா. போர்டு சரியா இருக்கான்னு பார்க்கறா போலிருக்குன்னு நினைச்சு நான் அப்படியே சோபாவுல கண் அசந்துட்டேன். முழிச்சப்போ அவ தனியா ரெண்டு பக்கமும் ஆடிக்கிட்டு இருந்தா. சிவப்புக் காயைப் போட்டுட்டா, தெரியுமா? நல்லா ஆடுறா சார்.

இன்னொரு நாள், "என்னங்க, டிரைவர் டிரைவர்னு சொல்றீங்களே, அப்படின்னா என்ன?"ன்னு கேட்டா. உங்களுக்குச் சொன்ன மாதிரியேதான் சொன்னேன், டிஸ்க்கு, சிஸ்டம், எல்லாம். கன்னத்துல கை வெச்சுக்கிட்டுக் கேட்டா. பாவம், தூக்கம் வந்திருக்கும். "அப்போ ரெண்டும் நல்லதா இருந்தும் ஒண்ணையொண்ணு தெரியாமலே இருக்குமா?"ன்னா. "ஆமா"ன்னேன். "அடப் பாவமே"ன்னா. அவ்வளவுதான், எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பிச்சுட்டா. டெக்னிக்கல் விஷயம் சார், எல்லாருக்கும் சுவாரஸ்யப்படாது.

எனக்குப் புரிஞ்சு போச்சு. அவளுக்கு நான் இடைஞ்சல். வாய் விட்டுச் சொல்ல மாட்டா, அவ குணம் அப்படி. நானே புரிஞ்சுக்கணும். ஆபீஸ்ல மட்டும் பகல் நல்லாவா இருந்தது? எவனைப் பார்த்தாலும் குட் மார்னிங்! லிஃப்ட்ல ஒண்ணு, காரிடார்ல ஒண்ணு. ராத்திரியில யார் சார் யாருக்கு வணக்கம் சொல்றா? மேடம்கிட்ட போறப்போ எல்லாம் சும்மா சொல்லி வெச்சேன். "நைட்ல ஆள் சரியில்லை மேடம். நான் இல்லாம ரொம்பத் தடுமாறுது மேடம்." அவ்வளவுதான் சொன்னேன், மாத்துங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா? ஒரு மாசம் முடியலை, என்னைத் தூக்கி நைட்ல போட்டுட்டு, அந்த சீட்டைப் பவதாரணிக்குக் கொடுத்துட்டாங்க. அநியாயம் இல்லையா? அந்த சீட்டு என் சீட்டு சார். நான் உழைச்சு வாங்கினது.

வீட்டுல சொன்னேன். "சரி"ன்னா மங்கை. சீரியலைப் போட்டா, சத்தமா வெச்சா. அப்பாடான்னு இருந்திருக்கும்.

இப்போ என்ன ஆச்சுன்னா, பவதாரணிக்குப் பெங்களூர்ல வேலை கிடைச்சுடுச்சு. சீட்டு மறுபடி காலி. இன்னிக்குக் காலையில ஷிப்ட் முடிஞ்சு கிளம்பும்போது மேடம் கூப்பிட்டுச் சொல்றாங்க: "தணிகாசலம், இன்னொரு தடவை ஒமக்குத் தாரேன். பத்து மணிக்குள்ள ஆம் இல்லைன்னு ஒரு வார்த்தை. பார்க்கலாம்னு சொன்னீர்னா போனை வெச்சுருவேன்." இன்னொரு தடவை மங்கையை அந்தப் பாடு படுத்தணுமா? அதான் சும்மா விட்டுட்டேன். பெட்டி நிக்கட்டும்.

போன் அடிக்குது பாருங்க. அவங்கதான். அடிக்கட்டும். எடுக்கணுமா? நீங்க சொல்றீங்கன்னு எடுக்கறேன்.

மேடம்... பஸ்லதான் மேடம். இல்லை மேடம், யோசிச்சுக்கிட்டு... என்னது? யாரு? மங்கையா? எங்க மங்கையா? ஆபீஸுக்கா? எப்போ மேடம்? ...அவளுக்கு நம்ம கட்டடம் எப்படித் தெரியும், நான் கூட்டிட்டே வந்ததில்லையே... ம்... ம்... சரி மேடம். இல்லை மேடம், சரின்னா அந்தச் சரி இல்லை. இருங்க மேடம், பத்து மணிக்குள்ள சொல்றேன். வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன்.

சார்.

போன வாரம் மத்தியானம், நான் வீட்டுல தூங்கிக்கிட்டு இருக்கறப்போ, ஸ்கேன் சென்டர்ல பெர்மிஷன் போட்டுட்டு, ரெண்டு பஸ் மாறி, மேடத்தைப் போய்ப் பார்த்திருக்கா. செக்யூரிட்டி உள்ளே விடலையாம், வாசல்லயே நின்னிருக்கா, மேடம் இறங்கி வந்து கூட்டிட்டுப் போயிருக்காங்க. என்ன சொன்னாளாம் தெரியுமா? "அவருக்குப் பகல் பழக்கமில்லை மேடம். எனக்கும் அவர் பழக்கமில்லை. ஒரு மாசத்துல பழகற விஷயமா இது? திரும்ப சீட்டு காலியாச்சுன்னா இன்னொரு தடவை கொடுத்துப் பாருங்க. நான் கேட்டேன்னு சொல்லாதீங்க"ன்னாளாம். மேடம் சொல்லிட்டாங்க. அவங்களுக்கு எதையும் உள்ளே வெச்சுக்கத் தெரியாது.

எவ்வளவு துணிச்சல் பாருங்க சார்! என்னை ஒரு வார்த்தை கேட்கலை. என் ஆபீஸ், என் மேனேஜர், இவ பாட்டுக்குப் போய்... எனக்கு எவ்வளவு தலைகுனிவு? இதை இப்படியே விடலாமா? விடக் கூடாது. இன்னிக்குக் கேட்டே ஆகணும். போன்ல கேட்கற விஷயம் இல்லை இது, முகத்தைப் பார்த்துக் கேட்கணும்.

மணி என்ன சார்? எட்டா? எட்டேகாலுக்கெல்லாம் அவ பூட்டிட்டுக் கிளம்பிடுவா. இந்த வண்டியை நம்பினா ஆகாது. இங்கே இருந்து ரயில்வே கேட் வழியாக் குறுக்கே போனா ஓடியே போயிடலாம். கண்டக்டர், கொஞ்சம் கதவைத் திறங்க! ஸ்டாப் இல்லைன்னு எனக்கும் தெரியும், வண்டிதான் நிக்குதே!

ஃபேனைப் பிடிச்சுக்கோங்க சார், சாயுது. ஏன் ஓடறேன்னு கேட்கறீங்களா? சண்டை போடத்தான். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல நாங்க நேருக்கு நேர் நின்னு ஒரு சண்டை போட்டதில்லை சார். நேரம் எங்கே இருந்தது?